குளத்தில் மருந்து கொட்டிவிட்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீச்சல் குளம் பராமரிக்கும் வேலையில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஒரே மாதிரியான அழைப்புகள் வரிசையாக வரும். "அண்ணா, குளம் நுரைக்குது." "அண்ணா, தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு." நம் ஊரில் தீபாவளி வசந்தகாலத்தில் வருகிறது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த குளத்தைத் திறப்பதும், சுவரைச் சுகர் சோப் போட்டுக் கழுவிப் பெயின்ட் அடிப்பதும், முற்றத்துக் கல்லை ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும் ஒரே வாரத்தில் நடக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எத்தனையோ வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன. முற்றத்தில் ஊற்றியது பள்ளத்தைத் தேடி ஓடும். பல வீடுகளில் அந்தப் பள்ளம் குளம்தான்.

தவறிக் கொட்டிய மருந்தால் மட்டும் பாழான குளத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பதறிப்போய் அதன்மேல் ஊற்றிய இரண்டாவது மருந்தால் பாழானவையே அதிகம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: கொட்டியது எந்தப் பாட்டில்? அதை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். லேபிளில் ஹைப்போகுளோரைட், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அமோனியா, பைன் ஆயில் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தண்ணீருக்கு முன் ஆட்களைப் பாருங்கள்

குளத்தில் இருப்பவர்களை வெளியே ஏற்றுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் குழாயடியில் நிறுத்தி, இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள். குழந்தை அழுகிறதே என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தயவுசெய்து கடிகாரத்தைப் பாருங்கள். கழுவிய பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் பட்டிருந்தால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் விடுங்கள். ஆசிட் பட்ட இடத்தில் சோடா மாவு பூசுவது, குளோரின் பட்ட இடத்தில் வினிகர் தடவுவது இரண்டும் வேண்டாம். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எரித்துக்கொண்டு உள்ளே போனது எரித்துக்கொண்டே மேலே வரும்.

ஆசிட்டும் குளோரினும் ஒன்றாகக் கொட்டி, மூச்சை அடைக்கும் வாடை கிளம்பினால் அது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். மேட்டுப் பக்கமாக, காற்று வரும் திசையை நோக்கிப் போங்கள். மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். அந்த வாயுவைச் சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். ஆகவே அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செல்பேசியிலிருந்து அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 10177, நச்சுப் பொருள் பற்றி ஆலோசனை கேட்க 0861 555 777.

பிறகு கணக்கு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் சராசரி ஆழம் என்றால் 48,000 லிட்டர். கீழே 50,000 லிட்டர் என்று வைத்தே எழுதுகிறேன்; உங்கள் குளத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு பாதிப் பதற்றத்தைத் தணித்துவிடும். ஒரு முறை ஒரு லிட்டர் ஜிக் பிளீச் பாட்டில் முழுவதும் கவிழ்ந்துவிட்டது என்று ஒரு அக்கா அழாத குறையாகக் கூப்பிட்டார். வீட்டு பிளீச்சில் 3.5 விழுக்காடு அளவுதான் ஹைப்போகுளோரைட். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம். அதை 50,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். குளத்தில் நாம் வைத்திருக்க வேண்டிய குளோரினே 1 முதல் 3 மில்லிகிராம். "அக்கா, இன்னிக்கு ராத்திரி போடுற குளோரினைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, போதும்" என்று சொல்லி வைத்தேன். அந்த பாட்டிலில் வாசனையோ சோப்போ சேர்ந்திருந்தால் மட்டும் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

மேலே நுரை கட்டி நிற்கிறது

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு குளத்துத் தண்ணீரைப் பிடித்துப் பலமாகக் குலுக்குங்கள். நுரை சில நொடிகளில் அடங்கினால் கவலையில்லை. மோட்டார் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அது வேறு பழுது. நுரை அடங்காமல் நின்றால் தண்ணீரில் சோப்பு இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், சுகர் சோப், சில மலிவான பாசிக்கொல்லிகள் எல்லாம் இப்படித்தான் நுரைக்கும்.

தீபாவளி காலையில் இன்னொரு காரணமும் உண்டு. விடியலில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள், தலையைச் சரியாக அலசாமல் அப்படியே குளத்தில் குதிப்பார்கள். பத்துப் பிள்ளைகளின் தலையிலிருக்கும் எண்ணெயும் சீயக்காயும் ஒரு மூடி சோப்பைவிடத் தொல்லை தரும். குளத்தின் மேல்தண்ணீரை இழுக்கும் வியர் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக எண்ணெய் ஒட்டினால் காரணம் இதுதான்.

சரிசெய்ய: ஊற்றுநீர், அருவி மாதிரியான அலங்காரங்களை நிறுத்துங்கள், அவை காற்றை அடித்து நுரையைக் கூட்டும். வடிகட்டி மோட்டாரை ஓடவிடுங்கள். மேலே மிதக்கும் நுரையை வலைக்குப் பதிலாக வாளியால் அள்ளுங்கள், ஏனென்றால் சோப்பு நுரையில்தான் செறிந்திருக்கும். அள்ளிக் கொட்டும் ஒவ்வொரு வாளியும் உண்மையில் சோப்பை வெளியே எடுக்கிறது. கடையில் விற்கும் சிலிக்கான் நுரைகொல்லி நுரையை அடக்கும், சோப்பை அகற்றாது. வீட்டில் விருந்து இருந்தால் போடுங்கள், மற்றபடி காசு வீண். அன்று மாலை, சூரியன் இறங்கிய பிறகு, குளோரினை வழக்கத்தைவிடக் கூட்டிப் போட்டு இரவு முழுவதும் மோட்டாரை ஓட்டினால் சோப்பு மெல்ல உடையும். எண்ணெய்க்கு வியர் பெட்டியில் பழைய டென்னிஸ் பந்து ஒன்றைப் போட்டு வைப்பேன். அதன் மயிர்ப்பரப்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளாகியும் பாட்டில் சோதனையில் நுரை நின்றால், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவது தவிர வழியில்லை. அதைப் பற்றி கடைசியில்.

சுகர் சோப் என்றால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது காரத்தன்மை உள்ளது, சில வகைகளில் பாஸ்பேட்டும் இருக்கும். நுரை போன இரண்டு வாரத்தில் சுவரோரம் பாசி பிடிக்க ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள். பாசிக்கு உரம் போட்டிருக்கிறோம். குளோரின் ஒரு நாளும் 1 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது

இரண்டு வேறுபட்ட காரணங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் விடுங்கள். தெளிந்துவிட்டால் அது சுண்ணாம்பு. காரமான கழுவுபொருளோ அளவுக்கு மிஞ்சிய கால்சியம் ஹைப்போகுளோரைட்டோ விழுந்து பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறி, தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாகத் திரிந்திருக்கிறது. பிஎச்சைச் சிறுகச் சிறுக 7.4 பக்கம் இறக்கி, வடிகட்டியை ஓட்டினால் ஓரிரு நாளில் கண்ணாடி ஆகிவிடும்.

வினிகர் விட்டும் தெளியவில்லை, முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை அல்லது பைன் மர வாடை வருகிறது என்றால் பினாயில் வகைக் கிருமிநாசினி. தண்ணீர் பட்டதும் பாலாகத் திரிவது அதன் இயல்பு. இதில்தான் பலர் தவறுகிறார்கள். கலங்கலைப் பார்த்தவுடன் டப்பாவைத் திறந்து குளோரினை அள்ளிப் போடுகிறார்கள். பினால் சேர்ந்த பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோபினால் உண்டாகும். அதன் மருந்து வாடை மிகச் சிறிய அளவிலேயே நாக்கிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் போகாது. ஆகவே இந்த வகைக்குக் குளோரின் வேண்டாம். கொஞ்சமாகத் தெறித்திருந்தால் எண்ணெய் உறிஞ்சும் துணியால் மேற்பரப்பை இழுத்தெடுங்கள். ஒரு பாட்டில் அளவுக்கு விழுந்திருந்தால் யாரையும் இறங்கவிடாமல், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

கண் எரிகிறது, குளோரின் வாடை தூக்குகிறது, ஆனால் குளோரின் நிற்கவே இல்லை

வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அந்தக் கடுமையான வாடை குளோரமினுடையது: குளோரினும் அமோனியாவும் சேர்ந்து உண்டானது. கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் கொட்டியிருக்கும், இல்லையென்றால் சிறுநீரும் வியர்வையும் அதிகமாகியிருக்கும். இன்று போட்ட குளோரின் நாளைக் காலையில் இருக்காது; அமோனியா தின்றுவிடுகிறது.

இங்கே கணக்கு முக்கியம், ஏனென்றால் அரைகுறையாகப் போட்டால் நிலைமை மோசமாகும். அமோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு பங்குக்குக் குளோரின் ஏறக்குறைய பத்துப் பங்கு தேவை. ஐந்து விழுக்காட்டு அமோனியா திரவம் ஒரு லிட்டர் விழுந்தால் நைட்ரஜன் 41 கிராம் அளவு. அதற்குக் குளோரின் 400 கிராம் வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் துகளில் 65 முதல் 70 விழுக்காடு குளோரின், ஆக 600 கிராம். அதை ஒரே மாலையில், தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, குளத்தைச் சுற்றி ஊற்றுங்கள். தண்ணீரில்தான் துகளைப் போட வேண்டும். துகள்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மூடுதுணி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வாயு வெளியேற இடம் வேண்டும். தினமும் ஒரு கரண்டி என்று தவணையில் போட்டால் குளோரமின் குறையாமல் வாடை மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. அமோனியா பாட்டில் இன்னும் குளக்கரையில் திறந்து கிடக்கும்போது அதன்மேல் குளோரின் துகளைக் கொட்டாதீர்கள். குளத்தில் 50,000 லிட்டர் தண்ணீர் அதை நீர்க்க வைக்கிறது. தரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

டெஸ்டில் குளோரின் பூஜ்யம், ஆனால் நீச்சலுடை வெளுக்கிறது

நான் பார்த்த மிகப் பெரிய குழப்பம் இது. ஒரு வீட்டில் குளோரின் டப்பா கைதவறி ஏறக்குறைய ஒரு கிலோ விழுந்துவிட்டது. மறுநாள் அந்த வீட்டுத் தாத்தா மாத்திரை போட்டு டெஸ்ட் செய்தார். நிறமே வரவில்லை. "எல்லாம் வெயில்ல போயிருச்சு" என்று இன்னொரு கிலோவைப் போட்டார். மூன்றாம் நாள் நான் போனபோது படிக்கட்டில் கிடந்த துண்டு வெளுத்து, கையில் எடுத்தால் நூல் நூலாகப் பிரிந்தது.

ஒரு கிலோ என்பது 50,000 லிட்டரில் லிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவு. டிபிடி என்ற டெஸ்ட் மாத்திரை போட்டால் வரும் இளஞ்சிவப்பு நிறத்தை, 10 மில்லிகிராமுக்கு மேலான குளோரின் தானே வெளுக்கச் செய்துவிடும். அப்போது பூஜ்யம் போலத் தெரியும். மாத்திரை விழுந்த கணத்தில் ஒரு சிவப்பு மின்னி மறைகிறதா என்று கவனியுங்கள். மறைந்தால், ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு பாட்டில் தண்ணீர் சேர்த்து மறுபடியும் டெஸ்ட் செய்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். மஞ்சள் சொட்டு கிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் அதிகமானால் ஆரஞ்சு, பழுப்பு என்று ஏறும். பிஎச் சொட்டும் இதே மாதிரி ஏமாற்றும்: குளோரின் மிகுந்தால் ஊதா நிறம் காட்டி, பிஎச் மிக அதிகம் என்று நம்பவைக்கும். அதை நம்பி ஆசிட் ஊற்றாதீர்கள். குளோரினை இறக்கிவிட்டுத்தான் பிஎச்சைப் பாருங்கள்.

இறக்குவதற்கு நம் ஊர் வெயிலே போதும். மூடியை எடுத்துவிட்டு, மோட்டாரை ஓட்டி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். மிதவையில் வைக்கும் குளோரின் மாத்திரைகள் போட்டுப் பழகிய குளத்தில், குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் ஆசிட் சேர்ந்திருக்கும். அங்கே இன்னும் சில நாள் ஆகும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் உண்டு. ஆனால் கை கொஞ்சம் கூடிவிட்டால் அடுத்துப் போடும் குளோரினையும் அது தின்றுவிடும். நான் வெயிலைத்தான் நம்புவேன்.

துகள் கொட்டிய அன்று உடனே செய்ய வேண்டியது, அடியில் படிந்ததைப் பிரஷ்ஷால் கலைப்பது. மார்பலைட், அதாவது சிமென்ட் பூச்சுத் தரை தாங்கும். வினைல், பைபர்கிளாஸ் தரையில் அரை மணி நேரம் கிடந்தாலே வெள்ளைத் தழும்பு விழும், போன நிறம் திரும்பி வராது. தரை சுத்தம் செய்யும் கிரீப்பியை வெளியே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது, ஆனால் தோல் எரிகிறது, படி சொரசொரக்கிறது

இது ஆசிட். பளிச்சென்று தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆசிட் தண்ணீரைவிடக் கனம். மோட்டார் ஓடாத நேரத்தில் விழுந்தால் நேராக ஆழமான பக்கத்துக்கு இறங்கி, அங்கே மார்பலைட்டைத் தின்றுகொண்டிருக்கும். லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில் இப்படி அடித்தளம் அரித்த குளங்களை நிறையப் பார்த்தேன்: ஊற்றிய ஐந்தாவது நிமிடம் மின்சாரம் போயிருக்கும். மோட்டார் ஓடவில்லை என்றால் நீளமான பிரஷ்ஷால் அடித்தண்ணீரைக் கலக்குங்கள். சூடாக்கும் கருவி இருந்தால் அதற்குள் தண்ணீர் போகாதபடி வால்வை மாற்றிவிட்டுப் பிறகு மோட்டாரைப் போடுங்கள். உள்ளிருக்கும் செம்புக் குழாய்தான் அடுத்த பலி.

கடை ஆசிட் 32 விழுக்காடு அளவுக்குச் செறிவானது. 50,000 லிட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால், பிஎச்சை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 10 மில்லிகிராம் குறையும். 80 முதல் 120 வரை இருக்க வேண்டிய அளவில் பத்துப் போனால் ஒன்றும் ஆகாது. ஐந்து லிட்டர் பாட்டில் முழுதும் கவிழ்ந்தால் 50 போய்விடும், பிஎச் 6.3 பக்கம் இறங்கலாம். அதற்குச் சோடா மாவு, அதாவது சோடியம் பைகார்பனேட், நாலேகால் கிலோ அளவு தேவை. பாதியை இன்று தூவி, நாளை டெஸ்ட் செய்துவிட்டு மீதியைத் தூவுங்கள். பிஎச் உடனே ஏறவில்லையே என்று சலவைச் சோடாவைக் கொட்டுவது வேண்டாம், பால் நிறம் அங்கேதான் பிறக்கிறது. திரும்பி வரும் குழாய் வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீரைச் சலசலக்க விட்டால், கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் தானாக ஏறும்.

கரையில் சிந்திய ஆசிட்டின்மேல் சோடா மாவைத் தூவுங்கள். பொங்குவது அடங்கிய பிறகு கழுவலாம். மாவு என்று நினைத்துக் குளோரின் துகளைத் தூவிவிடாதீர்கள். இரண்டும் வெள்ளைத்தான், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். வேலை பழகிய காலத்தில் மிதவை மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த குவளையால் நானே ஹைப்போகுளோரைட் டப்பாவுக்குள் அள்ளப் போனேன். சீறிப் புகைந்தது. என் மாமா என்னைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் குவளை, அதைக் கயிற்றால் டப்பாவிலேயே கட்டி வைக்கிறேன்.

பச்சையாக இருக்கிறது, ஆனால் அடி தெளிவாகத் தெரிகிறது

கலங்கிய பச்சை பாசி. தெளிந்த பச்சை செம்பு. மேலே சொன்ன ஆசிட் சூடாக்கியின் செம்பைக் கரைத்திருக்கும், அல்லது செம்பு கலந்த பாசிக்கொல்லி கொட்டியிருக்கும். குளோரினைக் கூட்டினால் செம்பு சுவரில் கறையாக இறங்கும். தண்ணீரிலுள்ள உலோகத்தைப் பிடித்துக் கட்டும் மருந்தைப் போட்டு, வடிகட்டியை ஓட்டி, அடிக்கடி பேக்வாஷ் (வடிகட்டியில் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கழுவுவது) செய்யுங்கள். போர்வெல் தண்ணீர் நிரப்பிய குளம் குளோரின் விழுந்ததும் தேநீர் நிறமானால் அது இரும்பு, வைத்தியம் அதேதான்.

தண்ணீரை மாற்றியே தீர வேண்டும் என்றால்

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் வாளியோடு லாரிக்குக் காத்து நின்றோம். அதன்பின் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வது எனக்கே கனமாக இருக்கிறது. சோப்பும் பினாயிலும் தவிர வேறு எதற்கும் சொல்வதில்லை. சொன்னாலும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நம் கோடை மழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும். காலியான பைபர்கிளாஸ் குளத்தை அது கீழிருந்து தூக்கிவிடும், மார்பலைட் காய்ந்து வெடிக்கும்.

வெளியேற்றும் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. 2021 ஜூலையில் கார்னூபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்தபோது ஓடிவந்த நஞ்சு ஒஹ்லாங்கா கழிமுகத்தில் மீன்களைக் கொன்றது, வடக்குக் கடற்கரைகள் மூடப்பட்டன. நம் பாட்டில் சிறியது, கால்வாய் அதேதான். சோப்புத் தண்ணீர் என்றால் குளோரின் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு, உண்மையான பூஜ்யமா என்று பார்த்துவிட்டு, புல்வெளியில் மெல்ல விடலாம். பினாயில் தண்ணீர் என்றால் நகராட்சியைக் கேட்டு, அவர்கள் அனுமதித்தால் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.

புதுத் தண்ணீர் நிரம்பியதும் ஓர் இரவு மோட்டாரை ஓட்டிவிட்டுக் காலையில் மூன்று எண்களைப் பாருங்கள்: குளோரின் 1 முதல் 3, பிஎச் 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120. மூன்றும் உள்ளே இருந்து, ஆழமான பக்கத்தின் அடிச்சல்லடை கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் பிள்ளைகளை இறக்கலாம்.